வெறுந்தண்ணீரில் ஏறிய கோடு

டாக்டர் செம்மலைக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் பேருக்குப் பின்னால் வரிசையாகப் பட்டம் போட்டுக்கொள்கிறவர். பல்கீஸ் பானு டிப்ளமோ முடித்துவிட்டு, தோளில் ஒரு பையோடு ஊர் ஊராகப் போய் மெஷின் பழுது பார்க்கிறவள். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இந்த மெஷினைத் திறந்து வைத்து, எதையும் தொடாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார். அன்றைக்கே, "இனிமே நீங்கதான் எனக்கு வாத்தியாரம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். இருவருக்கும் அது பழகிப் போயிற்று.

அந்த ஐப்பசிக் காலையில் அவள் வந்து இறங்கியபோது, மலையிலிருந்து மேகம் இறங்கி ஆய்வுக்கூடத்து வாசலையே மூடியிருந்தது. வெறிநாய்க்கடிக்கென்று ஏற்பட்ட ஆய்வுக்கூடம் அது. பின்பக்கம் நாய்க்கூண்டுகள். குரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு நாயும் கண்ணில் படவில்லை.

வாசல் பெஞ்சில் ஒருவன் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் சுருளி. நகராட்சியில் நாய் பிடிக்கிறவன். மேற்கே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் வெறிநாய் சுற்றுவதாகத் தகவல் வந்திருந்தது. உடம்பில் எதிர்ப்பு சக்தி போதுமான அளவு இருக்கிறது என்று இந்த ஆய்வுக்கூடத்திலிருந்து காகிதம் வந்தால்தான் மேலதிகாரி அவனை அனுப்புவார். போதாது என்றால் இன்னும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை நாய் பக்கமே போகக் கூடாது.

"ரிப்போர்ட் ஆச்சுங்களாம்மா? டாக்டர் நேத்தே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. கையெழுத்துதான் பாக்கியாம்" என்றான்.

"நான் மெஷின் பாக்க வந்தவ."

"அப்ப மெஷின்கிட்ட சொல்லுங்க, சுருளி நல்ல பயன்னு."

உள்ளே செம்மலை கதவைச் சாத்தித் தாழ் போட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. மேசைமேல் சுருளியின் ரிப்போர்ட் இருந்தது, பக்கத்தில் மூடி திறந்த பேனா. கையெழுத்து மட்டும் இல்லை.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"செத்தவங்க திரும்பி வருவாங்களா?"

பல்கீஸ் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"யாரு வர்றாங்க?"

"அற்புதம் அக்கா."

அற்புதம் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அற்புதமேரி என்பது முழுப்பெயர். முப்பது வருஷம் பின்கட்டில் நாய்களுக்குச் சோறு வைத்தவர். கடிபடாத கை கிடையாது, போட்டுக்கொள்ளாத ஊசி கிடையாது. அதனால் அவர் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பு சக்தி அந்த ஜில்லாவிலேயே வேறு யாருக்கும் இல்லை. கடைசி நாலு வருஷம் இந்த மெஷின் அறையில் வேலை பார்த்தார். அவர் சம்மதத்தோடு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர், அதாவது சீரம், சின்னச் சின்னக் குழலில் உறைய வைத்து இன்னும் இருக்கிறது. மளிகைக் கடைக்கு எடைக்கல் எப்படியோ அப்படி இந்த அறைக்கு அந்தச் சீரம். ஒவ்வொரு ஆளின் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னாலும் அற்புதம் அக்காவின் சீரத்தை ஒருமுறை ஓட்டுவார்கள். அதை வைத்துத்தான் அந்த ஆளை நிறுப்பது. மாசி மாதம் ஒரு சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று பஸ் ஏறிப் போனார். மறுநாள் செய்திதான் வந்தது.

மெஷினையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. விரல்நகம் அளவு கண்ணாடி, அதன்மேல் தங்கப் பூச்சு. அதைச் சிப்பு என்பார்கள். தங்கத்தின்மேல் வெறிநோய்க் கிருமியின் உயிரில்லாத ஒரு துணுக்கை ஒட்டி வைத்திருப்பார்கள். அடியிலிருந்து ஒளி பட்டுத் திரும்பும். மேலே ஆளின் சீரம் ஓடும். அதில் எதிர்ப்பு சக்தி இருந்தால் துணுக்கின்மேல் வந்து உட்காரும். உட்கார்ந்தால் ஒளி திரும்புகிற கோணம் ஒரு இம்மி மாறும், திரையில் கோடு மேலே ஏறும். பிறகு வெறும் உப்புத்தண்ணீர் ஓடும். உட்கார்ந்தது எழுந்து போகப் போகக் கோடு இறங்கும். முப்பதுக்கு மேல் ஏறினால் அந்த ஆள் பாஸ். அவ்வளவுதான்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி மேலிடத்துலேர்ந்து கடுதாசி வந்துச்சு" என்றார் செம்மலை. "தினம் ஒரு பிளாங்க் ஓட்டணும்னு. யாரோட ரத்தமும் இல்லாம, வெறும் உப்புத்தண்ணி. கோடு தரையோட படுத்துக் கெடக்கணும்."

"படுக்கலையா?"

"ஏறுது."

"எப்பிடி ஏறுது? குமிழின்னா குத்துன ஊசி மாதிரி நிக்கும். சூடு மாறினா மெல்ல மெல்ல ஒரு பக்கமாச் சரியும். உப்பு அளவு மாறினா பொட்டி மாதிரி சட்டுனு ஏறி சட்டுனு இறங்கும்."

"மூணும் இல்ல. வளைஞ்சு, நிதானமா ஏறுது வாத்தியாரம்மா. யாரோ வந்து உக்கார்ற மாதிரி. அப்புறம் எறங்கவே மாட்டேங்குது."

"சிப்பை மாத்திப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை. தண்ணியும் புதுசு."

"யாரு கோடு அது?"

ஒவ்வொருவர் ரத்தத்துக்கும் ஒரு நடை உண்டு. சிலருடையது வந்த வேகத்தில் எழுந்து போய்விடும். அற்புதம் அக்காவுடையது அப்படி இல்லை. மெதுவாக வரும், உட்கார்ந்தால் கிளம்பவே கிளம்பாது. நாலு வருஷமாகத் தினம் அந்தக் கோட்டைப் பார்த்தவர் செம்மலை. பெற்ற பிள்ளையின் காலடிச் சத்தம் தெரியாதா?

"அவங்களேதான்" என்றார். "தினம் பதினோரு மணிக்கு. அந்நேரத்துக்கு நாயெல்லாம் கம்முனு ஆயிருது. அக்கா சோறு வெக்கிற நேரம் அது."

பல்கீஸ் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மெஷின் தலைமேல் ஒரு டம்ளர், அதில் ஆறிப்போன கடுங்காப்பி. சுவர் அலமாரியில் அற்புதம் அக்காவின் படம், முன்னால் ஒரு சின்னச் சிலுவை, அதற்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில். படத்துக்கும் பாட்டிலுக்கும் சேர்த்து ஒரே சரமாகக் கனகாம்பரம் போட்டிருந்தது.

"காப்பி யாரு வெச்சது?"

"நான்தான். அவங்க வேதக்காரவங்க, படையல் வெக்கலாமா கூடாதான்னு தெரியல. ஆனா கடுங்காப்பின்னா அவங்களுக்கு உசுரு."

"எத்தனை நாளா?"

"ஒம்போது நாளா."

"குடிச்சாங்களா?"

"வாத்தியாரம்மா!"

பாருங்கள், படிக்காதவன் பயந்தால் ஒரு கொத்து வேப்பிலையோடு போய்விடும். படித்தவன் பயந்தால் அதற்கு அத்தாட்சி சேர்க்க ஆரம்பித்துவிடுவான். செம்மலை ஒன்பது நாளும் அந்தக் கோட்டை அச்செடுத்து, தேதி போட்டு, கோப்பில் கட்டி வைத்திருந்தார்.

அவள் கோப்பைத் திறக்கவில்லை. "இப்ப ஒண்ணு ஓட்டுங்க" என்றாள்.

"இப்பவா? மணி பத்துகூட ஆகலயே. பதினொண்ணுக்குத்தான் அவங்க..."

"ஓட்டுங்க சார்."

அவர் வழக்கப்படி முதலில் அற்புதம் அக்காவின் சீரத்தை ஓட்டினார். கோடு ஏறியது. சிப்பின்மேல் அமிலம் விட்டுக் கழுவினார். கோடு தரைக்கு வந்தது. பிறகு பிளாங்க். மெஷின் ஊசியை இறக்கி வெறும் உப்புத்தண்ணீரை உறிஞ்சியது. பம்பு டிக் டிக் என்று அடித்தது.

பின்கட்டில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடின.

அந்த அமைதியில் கோடு ஏறியது. நிதானமாக, வளைந்து, நாற்பத்திரண்டு வரைக்கும். அங்கேயே நின்றது. செம்மலையின் கையில் மயிர் குத்திட்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே மேகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. யாராவது இப்போது தும்மியிருந்தால்கூட மனிதர் விழுந்திருப்பார்.

"சோத்து வண்டி வந்திருக்கும்" என்றாள் பல்கீஸ்.

"பதினொண்ணுக்குத்தான் வரும்" என்றார் செம்மலை. குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவளும் ஒருமுறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "மறுபடி ஓட்டுங்க. அக்கா சீரம் வேண்டாம், பிளாங்க் மட்டும்" என்றாள்.

முப்பத்துமூன்று.

"இன்னொண்ணு."

இருபத்தாறு.

"இன்னொண்ணு."

இருபது.

"ஆவிக்கு இளைப்பு வருமா சார்?"

அவள் சைகை காட்ட, அவர் அற்புதம் அக்காவின் சீரத்தை இன்னொருமுறை ஓட்டிவிட்டுப் பிளாங்க் போட்டார். கோடு மறுபடி நாற்பத்திரண்டுக்குப் போய் உட்கார்ந்தது.

"அவங்க சீரத்தை ஓட்டினா தெம்பா வர்றாங்க. ஓட்டலேன்னா இளைச்சுக்கிட்டே போறாங்க."

"ஆனா சிப்பைக் கழுவுறோமே. உங்க கண்ணு முன்னாடிதான கோடு தரைக்கு வந்துச்சு?"

"சிப்பைக் கழுவுறீங்க. அவங்க வர்ற வழியை யாரு கழுவுறா?"

ஊசி. ஊசிக்குப் பின்னால் நூல் கனத்தில் குழாய். அதற்குப் பின்னால் இன்னும் குழாய். அத்தனை வழியிலும் அற்புதம் அக்காவின் சீரம் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்து எது ஓடினாலும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வருகிறது. செம்மலைக்கு இது புரியாமல் இல்லை. புரிந்ததும் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக, கையிலிருந்த எதையோ யாரோ பிடுங்கிக்கொண்டது போல் ஆகிவிட்டது. அவருக்கு அந்த அம்மாள் வர வேண்டும். அதுதான் உண்மை.

"சரி, ஒட்டினதாவே இருக்கட்டும்" என்றார். "ஆனா பிளாங்க்ல மட்டும்தான வர்றாங்க? ஆள் இல்லாத காலி எடத்துல. அதுல ஒரு அர்த்தம் இருக்குல்ல?"

"காலி எடத்துல மட்டும்தான் உக்கார்றாங்கன்னு யாரு சொன்னது?"

"பின்னே?"

"ஆள் இருக்கிற எடத்துலயும் உக்காந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியல."

அவள் மேசைமேல் இருந்த சுருளியின் ரிப்போர்ட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஐம்பத்தொன்று என்று போட்டிருந்தது.

"இதுல சுருளி எவ்வளவு சார்? அக்கா எவ்வளவு?"

செம்மலை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "சாயங்காலம் மெஷினை யாரு கழுவுவாங்க?"

"அக்காதான். எல்லாரும் போனப்புறம் ஏதோ செஞ்சுட்டுத்தான் கெளம்புவாங்க. எனக்கு பஸ்ஸு, நான் போயிருவேன்."

"அவங்க போனப்புறம்?"

"கையேட்டுல இருக்கிறதெல்லாம் செய்யிறேன். ஒண்ணு விடல."

"கையேட்டை யாரு எழுதினது?"

"நான்."

"அவங்க எதை வெச்சுக் கழுவினாங்க?"

செம்மலை மெல்லத் தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தார். அந்தப் பழுப்புப் பாட்டில். அற்புதம் அக்காவின் அடக்கம் முடிந்த அன்று, அவர் கை தொட்ட பொருள், யாரும் எடுக்கக் கூடாது என்று அவரே படத்துப் பக்கத்தில் வைத்துப் பூப்போட்ட பாட்டில். எட்டு மாசமாக அதை யாரும் தொடவில்லை. பூ மட்டும் வெள்ளிக்கு வெள்ளி மாறியது.

பல்கீஸ் போய்க் கனகாம்பரத்தை விலக்கிப் பாட்டிலை எடுத்தாள். பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "சாயங்காலம். மறக்காதே" என்று பென்சிலில் எழுதியிருந்தது. பூச்சரம் இத்தனை நாளும் அதன்மேல்தான் தொங்கியிருக்கிறது.

"அய்யோ, அது அக்காவோடது!" என்று செம்மலை எழுந்துவிட்டார்.

"ஆமா" என்றாள் அவள். "அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்."

பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சோப்பும் காரமும் கலந்த தண்ணீர். கழற்றிப்போட்ட பழைய சிப்பு ஒன்றை மாட்டி, ஊசிமுனை முதல் கடைசிக் குழாய்வரை அந்தத் தண்ணீரை விட்டாள். அரை மணி நேரம். அதன்பிறகு நல்ல தண்ணீர் அரை மணி நேரம். கழிவுப் பாட்டிலில் நுரை ஏறிக்கொண்டே வந்தது. செம்மலை அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியது. எட்டு மாசத்துக்கு முன்னால் சாவு வீட்டில் அழாதவர், இங்கே ஒரு கழிவுப் பாட்டிலைப் பார்த்து அழுதார். அழட்டும், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

நல்ல சிப்பை மாட்டினார்கள். அக்காவின் சீரம், பிறகு பிளாங்க்.

கோடு படுத்துக் கிடந்தது.

"சுருளி சீரம் மிச்சம் இருக்கா?"

இருந்தது. ஓட்டினார்கள். கோடு கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

ஒன்பது.

செம்மலை நேற்று அச்செடுத்த ரிப்போர்ட்டைக் கிழிக்கப் போனார். பல்கீஸ் கையை நீட்டித் தடுத்தாள்.

"மாசியிலேர்ந்து இது மாதிரி எத்தனை குடுத்தீங்க?"

பதிவேட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். "இருபத்துமூணு."

"எல்லாம் பாஸா?"

"எல்லாம் பாஸ்."

பச்சைத் தண்ணீரை ஊற்றினாலே நாற்பத்திரண்டு காட்டிய மெஷின், ஆளை ஊற்றினால் ஃபெயில் ஆக்குமா? இருபத்துமூன்று பேர், நாய் பிடிக்கிறவர்கள், கால்நடை மருத்துவமனைக்காரர்கள், கூண்டு கழுவுகிறவர்கள், செத்துப்போன ஒரு அம்மாளின் ரத்தத்தைத் தங்கள் ரத்தம் என்று நம்பிக்கொண்டு நாய்களுக்கு நடுவே கை வீசி நடக்கிறார்கள்.

செம்மலை தாழ்ந்த குரலில் சொன்னார்: "இனிமே சரியா வரும்ல வாத்தியாரம்மா? நடந்தது நடந்துபோச்சு. அதுல நெறையப் பேருக்கு நெசமாவே சக்தி இருக்கும். ஊரு பூராக் கூப்பிட்டு என் ரிப்போர்ட்டு தப்புன்னு சொன்னா, அப்புறம் இந்த எடத்தை எவன் நம்புவான்?"

"அப்ப சுருளி ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடுங்க."

"அது எப்பிடி? அவன் ஒம்போதுதான இருக்கான்!"

"அவங்களும் ஒம்போதா இருக்கலாமே."

"சுருளி வெளியில உக்காந்திருக்கான். அவங்க..."

"அவங்க?"

"கண்ணுக்கு முன்னால இல்ல."

"கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கு ஒம்போது நாள் காப்பி வெச்சீங்களே சார்."

செம்மலை கிழிக்காத ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சுருளி எழுந்து நின்றான். "ஆச்சுங்களா டாக்டரே?"

"போதாது சுருளி. ஊசி போடணும். அதுவரைக்கும் நாய் பக்கம் போகாதே."

"என்னங்க இது, நேத்து சிங்கம்னீங்க, இன்னைக்குப் பூனைங்கிறீங்க?"

"நேத்து நான் பாத்தது உன் ரத்தம் இல்ல."

"பின்னே யாரு ரத்தம்?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அற்புதம் அக்காவோடது."

சுருளியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். தன் இரண்டு கையையும் புறங்கை உள்ளங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா எனக்குள்ள எப்பிடிங்க வந்தாங்க?"

"வரல சுருளி. அதான் பயம்."

சுருளியின் முகம் மாறுவதைச் செம்மலை பார்த்தார்.

"ஆடி மாசம் எம் மச்சினன் பாண்டிக்குக் காகிதம் குடுத்தீங்களே. அது யாரு ரத்தம்?"

செம்மலையின் கண் கையிலிருந்த காகிதத்துக்குப் போனது.

"சொல்லுங்க டாக்டரே. எனக்குக் காகிதம் லேட்டாகுதுன்னு, இன்னைக்கு அந்தத் தோட்டத்துக்கு அவனைத்தான அனுப்பியிருக்காங்க."

அதற்குப் பிறகு நடந்தது முழுதாகச் செம்மலைக்கு நினைவில்லை. சுருளியின் மடியிலிருந்து போனைப் பிடுங்கினார். மலை, மேகம், சிக்னல் இல்லை. பெஞ்சின்மேல் ஏறி நின்றார், முற்றத்துக்கு ஓடினார். ஐம்பத்து நாலு வயசு மனுஷன், செருப்பில்லாமல். நாலாவது தடவை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"மாமா, சொல்லு" என்றது ஒரு குரல். பின்னால் ஜீப்பு உறுமுகிற சத்தம்.

"பாண்டி! நான் டாக்டர் பேசுறேன். எங்க இருக்க?"

"தோட்டத்து கேட்டுலங்க சார். நாய் உள்ள ஷெட்டுல அடைஞ்சு கெடக்காம். வலையை எடுத்துக்கிட்டுப் போறோம்."

"போகாத! வலையைப் போட்டுட்டு வண்டிக்குள்ள ஏறு. உனக்கு நான் குடுத்த ரிப்போர்ட்டு தப்பு. கேக்குதா? தப்பு. நான்தான் தப்பாக் குடுத்தேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம், "சரிங்க சார். ஏறிட்டேன்" என்றது குரல். ஜீப்புக் கதவு சாத்துகிற ஓசை அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

சுருளி முற்றத்து ஈரத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். திட்டினானா கும்பிட்டானா என்று தெரியாதபடி ஏதோ சொன்னான். நியாயமாகத் திட்டுதான் அது.

செம்மலை உள்ளே வந்தார். பல்கீஸ் பதிவேட்டைத் திறந்து வைத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். மெஷின் தன்பாட்டுக்கு இன்னொரு பிளாங்கை ஓட்டிக்கொண்டிருந்தது. கோடு படுத்தே கிடந்தது, அசையக்கூட இல்லை. நாய்கள் எப்போது மறுபடி குரைக்க ஆரம்பித்தன என்று இருவருமே கவனிக்கவில்லை.

அவர் அந்தக் கோட்டின் முன்னால் நின்றார்.

"அப்ப அக்கா இனிமே வரவே மாட்டாங்களா?"

பல்கீஸ் தாளை அவர் பக்கம் தள்ளினாள். பாண்டி போக மிச்சம் இருபத்திரண்டு பெயர்கள், எதிரே இருபத்திரண்டு போன் நம்பர்கள்.

"மாட்டாங்க சார். இவங்கள்ல ஒருத்தரும் அப்பிடி வந்துறக் கூடாது. மொத நம்பரைப் போடுங்க."